எண்ணூறு கட்டங்களில் ஒரு தம்பி

பதினோராவது தாளில் நாய் வந்தது.

அதுவரை ஷிஹோ பொறுமையாகத்தான் திருத்திக்கொண்டிருந்தாள். குறைந்தபட்சம், பொறுமையாக இருப்பதாகத் தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. அவளும் மருத்துவம் படிக்கிறவள்தான், ஐந்தாம் ஆண்டு. வாரம் முழுக்க மருத்துவமனையில் பேராசிரியர்களின் பின்னால் ஓடிவிட்டு, ஞாயிறு காலை கனசாவா ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த பயிற்சிக் கூடத்தின் மூன்றாம் மாடிக்கு வந்து உட்காருவாள். எண்ணூறு கட்டம் போட்ட தாள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. அறுபது நிமிடம். அறுநூற்று நாற்பது கட்டங்களைக்கூட நிரப்பாதவனின் தாளைத் தேர்வில் யாரும் படிக்க மாட்டார்கள்.

இந்த வாரத் தலைப்பு, 'உயிரின் கனத்தை நீங்கள் உணர்ந்த ஓர் அனுபவம்.'

முதல் தாளில் ஒரு தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இளம் மருத்துவர் ஒருவர் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் கண்ணுக்கு நேராகக் கண் வைத்துப் பேசினார். பரவாயில்லையே என்று நினைத்தாள். இரண்டாம் தாளில் ஒரு தங்கை கிடந்தாள். மருத்துவர் தரையில் உட்கார்ந்தார். நான்காம் தாளில் அத்தை மகன். ஏழாம் தாளில் பக்கத்து வீட்டு மீன் வியாபாரி, எழுபது வயது. அவருக்காகவும் மருத்துவர் தரையில் உட்கார்ந்தார். பதினோராவதில் நாய். கால்நடை மருத்துவர் தரையில் உட்கார்ந்து, நாயின் கண்ணைப் பார்த்து, 'நான் பக்கத்திலேயே இருப்பேன்' என்று சொன்னார்.

"நாயைத் தரையில உட்கார்ந்துதானேடா பார்க்கணும்!" என்று ஷிஹோ ஆளில்லாத அறையில் வாய்விட்டுக் கத்தினாள்.

இந்தப் 'பக்கத்திலேயே இருப்பேன்' வேறு. நோயாளியின் பக்கத்தில் இருக்கும் மருத்துவராவேன், மனத்தின் பக்கத்தில் நிற்பேன், குடும்பத்தின் பக்கத்தில் நிற்பேன். பதினோரு தாளில் முப்பத்தொரு தடவை. எழுந்துபோய்க் கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: 'இன்று முதல் இந்த வகுப்பில் யாரும் யார் பக்கத்திலும் நிற்கக் கூடாது.'

வகுப்பு பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே ஃபுயுமி வந்துவிட்டாள். ஃபுயுமி எப்போதும் முதல் ஆளாக வருவாள், முதல் வரிசையில் உட்காருவாள், ஆறு நிறப் பேனாக்களை வரிசையாக அடுக்குவாள். அப்பாவுக்கு ஊருக்கு வெளியே கண் மருத்துவமனை. முதல் தாள் அவளுடையது.

"ஃபுயுமி, உன் தம்பி இப்ப எப்படியிருக்கான்?"

"எந்தத் தம்பி டீச்சர்?"

"நீ எழுதியிருக்கியே, மூணு மாசம் ஆஸ்பத்திரில இருந்த தம்பி."

"எனக்குத் தம்பி கிடையாது டீச்சர். நான் ஒரே பொண்ணு."

ஷிஹோ பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்ப இவன் யாரு?"

"மாதிரி விடையில தம்பிதான் இருந்தான்." ஃபுயுமி சாதாரணமாகச் சொன்னாள். "மத்தவங்க எல்லாம் மாத்திக்கிட்டாங்க. மாத்தினா இயல்பா இருக்காதுன்னு நான் அப்படியே வெச்சுக்கிட்டேன். தப்பா?"

"எந்த மாதிரி விடை?"

ஃபுயுமி பையிலிருந்து நீலக் கோப்பை எடுத்து நீட்டினாள். 'வெற்றி பெற்றவர்களின் கட்டுரைகள்' என்று அட்டையில் இருந்தது; அலுவலகம் பிள்ளைகளுக்கு நேராகக் கொடுப்பது, ஷிஹோ அதைத் திறந்து பார்த்ததே இல்லை. உள்ளே முதல் பக்கத்திலேயே, பெயர் எடுக்கப்பட்டு, அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டு, எழுநூற்றுத் தொண்ணூற்றாறு எழுத்தில் ஒரு கட்டுரை. 'மஞ்சள் டைனோசர் செருப்பு இரண்டும் கட்டிலுக்கடியில் மூன்று மாதம் அசையாமல் கிடந்தன' என்று அது தொடங்கியது.

ஷிஹோவுக்குக் காது மடல் சுட்டது. அந்தச் செருப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கட்டுரையை எழுதியவளே அவள்தான். பதினெட்டு வயதில், இதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில் உட்கார்ந்து எழுதியது. அப்போது கையெழுத்து வாங்கிய ஏதோ ஒரு தாள்கட்டுக்கு நடுவில் 'வெளியிடச் சம்மதம்' என்பதும் இருந்திருக்க வேண்டும். ஐந்து வருடமாக அந்தக் கட்டுரை கை மாறி மாறிப் போய், இப்போது நாய் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஃபுயுமி அவள் முகத்தைப் பார்த்தாள். "டீச்சர், உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. நீ போய் உட்காரு."

பன்னிரண்டாவது தாள் மட்டும் மிச்சமிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அது கோஹெயின் தாள். கோஹெய் அவளுடைய சொந்தத் தம்பி, பத்தொன்பது வயது. போன வருடம் தேர்வில் தோற்று, இந்த வருடம் மறுபடி எழுதுகிறான். கணக்கிலும் இயற்பியலிலும் அவனை அடிக்க ஆளில்லை; கட்டுரை என்றால் மட்டும் இருநூறு கட்டத்தில் மூச்சு முட்டிவிடும். வியாழக்கிழமை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டதால், அந்த வகுப்புப் பிள்ளைகளை ஷிஹோவின் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். நீலக் கோப்பு அவனுக்கு இந்த வாரம்தான் கிடைத்திருக்கும்.

தாளைத் திருப்பினாள். ஒரே ஒரு வரி.

'நான் உயிரின் கனத்தை உணர்ந்ததைப் பற்றி என் அக்கா ஏற்கெனவே எழுதிவிட்டாள். சேர்ப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.'

பத்து மணிக்குக் கடைசி ஆளாக நுழைந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, கரும்பலகையைப் படித்துவிட்டு, "அப்ப எங்கதான் நிக்கிறது டீச்சர்?" என்று கேட்டான் கோஹெய். எல்லோரும் சிரித்தார்கள். ஷிஹோ சிரிக்கவில்லை.

அன்று வகுப்பு எப்படிப் போயிற்று என்று அவளுக்குப் பின்னால் நினைவே இல்லை.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மழையும் இடியுமாக இருந்தது. நவம்பர் பிறந்தால் அந்த ஊரில் இடிக்கு நேரம் காலம் கிடையாது. இருவரும் ஒரே குடையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பாதசாரிப் பாலத்துக்கடியில் இருந்த நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தார்கள். கோஹெய் பொரித்த டோஃபு போட்ட ஊடோன் நூடுல்ஸ் சொன்னான். ஷிஹோவுக்குப் பசிக்கவில்லை; ஆனாலும் சொன்னாள்.

"மூணு மாசமா?" என்றான் கோஹெய், குச்சிகளைப் பிரித்தபடி. "ஒன்பது நாள்க்கா. குடல்வால் வெடிச்சுது, வெட்டி எடுத்தாங்க, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீ என்னடான்னா 'பெயர் சொல்லவும் அஞ்சும் நோய்'னு எழுதி வெச்சிருக்கே. குடல்வால்னு சொல்றதுக்கு என்ன பயம் உனக்கு?"

"எனக்கு அப்ப பதினெட்டு வயசுடா."

"ஆஸ்பத்திரில கிடந்தப்ப எனக்குப் பதினொண்ணு. 'அக்கா, நான் செத்துப்போயிடுவேனா'ன்னு நான் எப்பக் கேட்டேன்? நான் கேட்டது கேம் மெஷின். அதையும் நீ கொண்டு வரல."

"கட்டுரைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான்..."

"கொஞ்சமா? டாக்டர் தரையில உட்கார்ந்தாராம்! அந்த ஆளு ரெண்டு நிமிஷத்துக்கு மேல நின்னதே இல்ல. என் பேரை மூணு தடவை தப்பாச் சொன்னாரு."

ஷிஹோ கிண்ணத்துக்குள் பார்த்தாள். ஆவி கண்ணாடியில் படிந்தது. துடைக்கவில்லை.

"சரி, பொய்தான். ஒத்துக்கறேன். இப்ப என்ன பண்ணணும்கிறே? அதுக்காக ஒத்த வரி எழுதிக் குடுப்பியா? பிப்ரவரில பரீட்சை. அங்கேயும் 'அக்கா எழுதிட்டா'ன்னு எழுதுவியா?"

"எழுதலாம். உண்மைதானே."

"உன்னோட பேசறதுக்கு அந்தச் சுவத்தோட பேசலாம்!"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கோஹெய் நூடுல்ஸை உறிஞ்சி முடித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அந்த ஒன்பது நாள்ல நீ ஒரே ஒரு நாள்தான் வந்தே. அது மட்டும் கட்டுரைல எங்கேயும் இல்ல."

ஷிஹோ குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அது காரணம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம்.

அன்று மாலை வீட்டில் அம்மா மீனும் முட்டைக்கோசும் போட்ட குழம்புச் சட்டியைச் சின்ன அடுப்போடு மேசை நடுவில் வைத்தாள். அப்பா வேலை மாற்றலாகி நீகாட்டாவில் இருந்ததால் சாப்பாட்டுக்கு எப்போதும் மூன்று பேர்தான். அம்மா சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள். உட்கார்ந்தால் பேச ஆரம்பித்துவிடுவாள்.

கோஹெய் வேண்டுமென்றே கேட்டான். "அம்மா, நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரு டாக்டர் வருவாரே, ஞாபகமிருக்கா?"

"இல்லாம? அந்த டாக்டரு!" அம்மாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு தங்கமான மனுஷன். வெள்ளைக் கோட்டோட அப்படியே தரையில உட்கார்ந்து, உன் மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வெச்சுப் பேசுவாரே. நான் கதவுகிட்ட நின்னு அழுதேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரு உட்காரவே இல்லம்மா" என்றான் கோஹெய்.

"உனக்கென்னடா தெரியும், நீ காய்ச்சல்ல கிடந்தே. நான் என் கண்ணால பார்த்தேன்."

ஷிஹோவுக்குப் புரிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன், நேர்முகத் தேர்வுக்காக இதே மேசையில் அம்மா கேள்வி கேட்க, இவள் பதில் சொல்லிப் பழகினாள். தினமும் இரண்டு முறை, ஒரு மாதம். 'நீங்கள் மருத்துவராக விரும்பக் காரணம் என்ன?' என்று அம்மா தாளைப் பார்த்து வாசிப்பாள். ஷிஹோ தரையில் உட்கார்ந்த மருத்துவரைப் பற்றிச் சொல்வாள். சொல்லிச் சொல்லி அவர் அம்மாவின் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அவரை இனி அங்கிருந்து எழுப்ப முடியாது.

"அப்ப நான் பொய் சொல்றேன்கிறியா?" என்று அம்மா மகனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கோஹெய் தலையில் கைவைத்துக்கொண்டான். ஷிஹோ முட்டைக்கோசை அள்ளி அள்ளித் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள், அது ஏற்கெனவே நிரம்பியிருந்தும்.

மறு ஞாயிறு அவள் நேராகப் பயிற்சிக் கூட நிறுவனர் வாராபினோவின் அறைக்குப் போனாள். அறுபது வயது தாண்டியவர். முப்பது வருடமாக மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவதே தொழில். சுவர் முழுக்கப் பாஸானவர்களின் புகைப்படம்.

"வாங்கம்மா மினேகாவா. என்ன காலையிலேயே?" என்று அவளைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சார், நீலக் கோப்புல முதல் கட்டுரை என்னுது. அதை எடுத்துடுங்க."

"ஏம்மா? அதுதானே நம்மளோட பொக்கிஷம்."

"அது முழுக்கப் பொய் சார்."

வாராபினோ கொஞ்சமும் அதிரவில்லை. தேநீரை ஊதிக் குடித்தார். "தெரியுமே."

"தெரியுமா?"

"டாக்டருங்க தரையில உட்கார மாட்டாங்கம்மா. தரை அழுக்கு. எனக்கு மட்டுமில்ல, திருத்தறவங்களுக்கும் தெரியும். அவங்களே டாக்டருங்கதானே. அவங்க பார்க்கிறது வேற. பத்தி பிரிச்சிருக்கா, எழுத்துப்பிழை இருக்கா, சொன்னதை முடிச்சிருக்கா. அவ்வளவுதான். பரீட்சை என்ன, பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷினா?"

"பதினோரு பேரும் அதையே காப்பியடிக்கிறாங்க சார். ஒருத்தன் நாயை வெச்சு எழுதியிருக்கான்!"

"நாய் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று ஒப்புக்கொண்டார். "சரி, ஒண்ணு செய்வோம். எடுத்துடறேன். அந்த இடத்துல வேற வைக்க வேணாமா? நீங்களே எழுதிக் குடுங்க. அதே தலைப்பு. உண்மையாவே எழுதுங்க. அறுபது நிமிஷம், எண்ணூறு கட்டம். பிள்ளைங்களுக்குச் சொல்ற சட்டம்தானே உங்களுக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஷிஹோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்கே எழுதறேன்" என்றாள்.

வகுப்புக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். "எல்லாரும் நீலக் கோப்பை எடுங்க. முதல் பக்கம். இதை எழுதினது நான். இதுல சாகக் கிடக்கிற தம்பி, அதோ கடைசி வரிசையில உட்கார்ந்து சூயிங்கம் மெல்றானே, அவன்தான். அவனுக்கு வந்தது குடல்வால். மூணு மாசம் இல்ல, ஒன்பது நாள். எந்த டாக்டரும் எங்கேயும் உட்காரல."

எல்லாத் தலைகளும் கோஹெய் பக்கம் திரும்பின. அவன் சூயிங்கத்தை விழுங்கிவிட்டான்.

ஃபுயுமி கை தூக்கினாள். "அப்ப டீச்சர், நான் மனப்பாடம் பண்ணினது?"

"மறந்துடு."

"மனப்பாடம் பண்ணினதை எப்படி டீச்சர் மறக்கிறது?" அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

"இன்னைக்கு எல்லாரும் புதுசா எழுதறீங்க. நானும் உங்களோட எழுதறேன்" என்றாள் ஷிஹோ. கடிகாரத்தைத் திருகி மேசை மேல் வைத்துவிட்டு, முதல் வரிசையில் ஃபுயுமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பத்து நிமிடம் அவள் பேனா அசையவில்லை. மற்றவர்களின் பேனாக்கள் கீறும் சத்தம் நாலு பக்கமும் கேட்டது. இத்தனை நாள் முதுகுக்குப் பின்னால் நின்று 'யோசிக்காதே, எழுது' என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறாள்! இப்போது தன் கை தனக்கே கட்டுப்படவில்லை. என்ன எழுதுவது? ஏன் டாக்டராகப் போனாய் என்று யாராவது உண்மையிலேயே கேட்டால், வேதியியலில் நல்ல மதிப்பெண் வந்தது, ஆசிரியர் சொன்னார், போனேன். அதில் எந்த உயிரின் கனமும் இல்லை. பிறகு தான் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ஒரு நாளைப் பற்றி எழுதத் தொடங்கினாள். எழுதினாள், அடித்தாள், எழுதினாள். மணி அடித்தபோது முந்நூற்றுத் தொண்ணூற்றொரு கட்டம்தான் நிரம்பியிருந்தது.

"தாள்களை மாத்திக்கோங்க. ஒருத்தர் தாளை ஒருத்தர் திருத்தணும்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் தாளும் போகும் என்பது உறைத்தது. அது ஃபுயுமியிடமிருந்து பின்னால் போய், இன்னும் பின்னால் போய், கடைசி வரிசையில் நின்றது.

கோஹெய் அதைப் படித்தான். அந்த நாள் அவள் வந்தபோது அறைக் கதவு திறந்திருந்தது. தம்பியின் வயிற்றிலிருந்து குழாய் ஒன்று தொங்கியது. அவன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். அவள் உள்ளே போகாமல் திரும்பி, தாழ்வாரக் கோடியில் இருந்த இயந்திரத்தில் சூடான சோள சூப் வாங்கி, நின்றபடி கடைசிச் சோளம் வரை குடித்து முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் உள்ளே போனாள். அதற்குள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டிருந்தான். இருவரும் தொலைக்காட்சி பார்த்தார்கள். கட்டுரை அங்கேயே நின்றுபோயிருந்தது.

அவன் சிவப்புப் பேனாவை எடுத்தான். ஷிஹோ கரும்பலகையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

"டீச்சர்" என்றான் கடைசியில். "முடிவுரை இல்ல. கட்டம் போதாது. இந்தத் தாளை யாரும் படிக்க மாட்டாங்க."

"தெரியும்."

"எனக்கும் ஒரு சூப் வாங்கிட்டு வந்திருக்கலாம்."

"உனக்கு வாய்வழியா ஒண்ணும் தரக் கூடாதுன்னு கட்டில்ல அட்டை மாட்டியிருந்துச்சுடா!"

"அது தெரிஞ்சுதான் வாங்கலியா, இல்ல நினைக்கவே இல்லியா?"

"நினைக்கவே இல்ல" என்றாள் ஷிஹோ.

கோஹெய் தலையாட்டினான். பிறகு பக்கத்தில் இருந்தவனிடமிருந்து தன் தாளை வாங்கிக்கொண்டு முன்னால் வந்து அவள் மேசையில் வைத்தான். கையெழுத்து கோழி கிண்டினாற்போல் இருந்தது. அவள் படித்தாள்.

ஒவ்வொரு காலையும் மருத்துவர் வந்து அவன் வயிற்றை அழுத்துவாராம். கை பனிக்கட்டி மாதிரி இருக்குமாம். நான்காம் நாள், தாங்க முடியாமல் அவர் வயிற்றில் ஓர் உதை விட்டானாம். அம்மா குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாளாம். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் வந்தபோது கோட்டுப் பையில் குளிருக்கு வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் இரண்டு வைத்திருந்தார். கையை உள்ளே விட்டுச் சூடாக்கிக்கொண்டு தொட்டார். அது பெரிதில்லை, உதைக்குப் பயந்திருப்பார் என்று எழுதியிருந்தான். ஆனால் பக்கத்துக் கட்டிலில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. அது உதைக்கவும் இல்லை, வாய் திறந்து ஒன்றும் சொன்னதும் இல்லை. அதையும் சூடான கையால்தான் தொட்டார். 'ஒருவன் உதைத்ததால் இன்னொருவருக்கு வலிக்காமல் போனது. வலிக்கிறது என்று சொன்னால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்று தெரிந்தது. சொல்லத் தெரியாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அதற்கப்புறம் யோசித்தேன்.' இவ்வளவுதான்.

ஷிஹோ இரண்டாம் முறை படித்தாள். பிறகு கட்டங்களை எண்ணினாள்.

"அறுநூத்திப் பன்னெண்டு."

"ஆமா."

"அறுநூத்தி நாப்பது வேணும்."

"சொல்ல வேண்டியது முடிஞ்சுபோச்சே."

"இருபத்தெட்டுக் கட்டம்டா! ஒரே ஒரு வாக்கியம்! 'அதனால் நான் மருத்துவராக விரும்புகிறேன்'னு எழுதித் தொலையேன்!"

"அதைத்தானே மேல எழுதியிருக்கேன். மறுபடி எதுக்கு?"

"கோஹெய், உன்னை நான் இந்த ஜன்னல் வழியா..."

ஃபுயுமி அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். அப்புறம் வகுப்பே சிரித்தது. ஷிஹோ தலையில் அடித்துக்கொண்டாள்.

டிசம்பர், ஜனவரி முழுவதும் இதே கூத்துதான். வாராபினோ நீலக் கோப்பிலிருந்து பழைய கட்டுரையை எடுத்துவிட்டார், முணுமுணுத்துக்கொண்டே. அந்த இடத்தில் வைக்க ஷிஹோவின் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு கட்டத்தை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "இதைப் படிச்சா பிள்ளைங்க சூப் குடிக்கப் போயிடுவாங்கம்மா" என்றார். பிள்ளைகள் புதிதாக எழுதியவையும் பிரமாதம் என்று சொல்ல முடியாது. நாய்க்காரன் இப்போது பூனைக்கு மாறியிருந்தான். ஃபுயுமி மூன்று வாரம் வெறும் தாளைக் கொடுத்தாள். நான்காம் வாரம், அப்பாவின் கண் மருத்துவமனையில் மருந்து வாங்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பற்றி எழுதினாள். 'அவர்கள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை' என்று முடித்திருந்தாள். முடிவுரை இல்லை என்று ஷிஹோ சிவப்பில் எழுதினாள். எழுதிவிட்டு, கீழே சிறிதாக, 'கேட்டுப் பார்' என்றும் எழுதினாள்.

கோஹெய் மட்டும் ஒவ்வொரு வாரமும் அறுநூற்றுச் சில்லறையில் நிறுத்தினான். அறுநூற்றுப் பத்தொன்பது. அறுநூற்று முப்பத்திரண்டு. ஒரு வாரம் அறுநூற்று முப்பத்தொன்பது. வேண்டுமென்றே செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும், அவளுக்குத் தெரியும் என்பது தெரியும்.

பிப்ரவரி கடைசியில் பனி கொட்டும் ஒரு நாளில் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தேர்வு எழுதினான். கிடைக்கவில்லை. தோற்றது கட்டுரையால் இல்லை, ஆங்கிலத்தால். அம்மா இரண்டு நாள் சலவைக் கடைக்குப் போகவில்லை. மார்ச்சில் இரண்டாம் சுற்றுத் தேர்வுக்கு, மேற்கே கடலோரமாக அரை நாள் ரயிலில் போக வேண்டிய ஊருக்குப் போனான். அன்று மாலை அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான்.

"கட்டுரைத் தலைப்பு என்னடா?" என்றாள் ஷிஹோ எடுத்த எடுப்பில்.

"அட்டவணை."

"என்ன அட்டவணை?"

"ஆம்புலன்ஸ் வந்து சேர எத்தனை நிமிஷமாகுதுன்னு பதினாறு ஊருக்குக் குடுத்திருந்தாங்க. அதைப் பார்த்து அறுநூறு எழுத்துல எழுதச் சொன்னாங்க."

"அனுபவம்? உயிரின் கனம்?"

"ஒண்ணும் இல்ல."

ஷிஹோ மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியாகப் போன செவிலியர் ஒருவர், "தரை அழுக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நாலு மாசம்" என்றாள். "நாலு மாசம் உன்னோட மல்லுக்கட்டினேன். எத்தனை எழுதினே? அதையாவது சொல்லு."

"அறுநூறுக்கு அறுநூறு. கடைசிக் கட்டத்துல முற்றுப்புள்ளி."

"எப்படிடா?"

"எண்கள்னா எனக்கு எழுத வரும்க்கா. சொல்றதுக்கு நிறைய இருந்துச்சு."

அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

அந்த ஊரில் கோஹெய்க்கு இடம் கிடைத்துவிட்டது. ஃபுயுமிக்கும் ஒரு தனியார் கல்லூரியில் கிடைத்தது. பூனைக்காரனுக்குக் கிடைக்கவில்லை, மறுபடி எழுதப்போவதாகச் சொன்னான். ஷிஹோ ஆறாம் ஆண்டு தொடங்குவதால் வேலையை விட்டுவிட்டாள். வாராபினோ கோஹெயின் புகைப்படத்தைச் சுவரில் மாட்டினார், வழக்கம்போல.

ஏப்ரல் முதல் வாரத்தில் அம்மாவும் ஷிஹோவும் அவனை ரயிலேற்றப் போனார்கள். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து அரிசி உருண்டை பிடித்திருந்தாள், ஆறு பேர் சாப்பிடும் அளவுக்கு. கோஹெய் முதுகில் ஒரு பை, ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் சோறு வடிக்கும் மின்பானை. நடைமேடையில் அம்மா ஏதோ வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லிக் கடைக்கு ஓடினாள். இருவர் மட்டும் நின்றார்கள்.

"கோபமா இருக்கியா இன்னும்?" என்று கேட்டாள் ஷிஹோ.

"எதுக்கு? கட்டுரைக்கா, வராததுக்கா?"

"ரெண்டுக்கும்."

அவன் யோசித்தான். "கட்டுரைக்கு இல்ல. அது தமாஷ்தான். வராததுக்குக் கொஞ்சம் இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலக்கா. ஆறு வருஷப் படிப்பு இருக்கே, பார்ப்போம்." மின்பானையைக் கை மாற்றிக்கொண்டான். "நீ மே மாசம் விடுமுறைக்கு வா. அங்க நண்டு நல்லா இருக்குமாம்."

"மே மாசம் நண்டுக் காலம் இல்லடா."

"அதுக்கென்ன, வேற எதையாவது சாப்பிடலாம். வருவியா மாட்டியா? அதைச் சொல்லு."

"வரேன்" என்றாள்.

"எத்தனை நாள்?"

"மூணு நாள்."

"சரி" என்றான். ரயில் வந்து நின்றது. அம்மா கையில் வாழைப்பழச் சீப்போடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். அதை எங்கே வைப்பது என்று மூவரும் கதவருகே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. கடைசியில் ஷிஹோ அதைப் பானைக்குள் திணித்து மூடியை அழுத்தினாள். கதவு சாத்திக்கொண்டது. ரயில் கண்ணுக்கு மறையும்வரை அம்மா கையசைத்தாள். ஷிஹோ கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்து, மே மாதத்தில் மூன்று நாளுக்கு நேராகத் தம்பியின் பெயரை எழுதிவைத்துக்கொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.